என் அக்கா கழுவிய வேன்

என் அக்கா நெமேசியா கார் இஞ்சின் கழுவிப் பிழைத்தவள். வண்டியின் வெளிப்பக்கம் கழுவுகிறவர்கள் எங்கள் ஏரிக்கரை முழுக்க இருக்கிறார்கள். ஒரு வாளியும் பழைய துணியும் இருந்தால் யாரும் அந்தத் தொழிலில் இறங்கிவிடலாம். பானெட்டைத் திறந்து உள்ளே கைவைக்கத் தெரிந்தவள் பொலிவியாவில் எங்கள் கோபகபானா ஊரில் அவள் ஒருத்திதான். நான் மாதா கோயில் வாசலில் கடை போட்டிருக்கிறேன். மாலை, உதிரிப் பூ, வண்ணக் காகிதத் துண்டுகள், சரவெடி, பீர், கரும்புச் சாராயம் என்று வண்டி மந்திரிக்க வருகிறவர்களுக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் கிடைக்கும். தங்கச்சி அழுக்கை விற்கிறாள், அக்கா அழுக்கைக் கழுவுகிறாள், நல்ல குடும்பம் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அக்காவுக்கு மட்டும் அந்தக் கிண்டல் பிடிக்காது.

சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பதோடு முடிந்துவிட்டால் அவளுக்கு வேலையே இருந்திருக்காது. அவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் ஆரம்பிப்பார்கள். பிள்ளைக்கு இருப்பது போலவே வண்டிக்கும் ஒரு ஞானத்தகப்பன் உண்டு. அவர் பானெட்டைத் தூக்குவார், பீர் பாட்டிலைப் பெருவிரலால் அடைத்துக் குலுக்குவார், நுரை சீறிக்கொண்டு இஞ்சின் மேல் பாயும். பூமித்தாய்க்குக் கொஞ்சம், சக்கரங்களுக்குக் கொஞ்சம், தன் தொண்டைக்கு நிறைய. பிறகு பூவையும் காகிதத்தையும் கைகையாக அள்ளி உள்ளே வீசுவார்கள். சக்கரத்துக்குக் கீழே வெடி வெடிக்கும். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஊற்றியதெல்லாம் ஒயர்களின் இடுக்கிலும் பெல்ட்டிலும் இறங்கிக் காயும். அதைப் பற்றி அப்போது யார் நினைப்பார்கள்?

அக்காவின் கணவன் சிலிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான். பிள்ளை கிடையாது. அக்கா அப்போது கரையில் கார்க் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒருரோ ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் புதுக் கார், மந்திரித்துவிட்டு ஊரைத் தாண்டி மேடு ஏறும்போதே தீப்பிடித்தது. புகைக் குழாயின் மேல் கிடந்த பூவும் காகிதமும் கருகிப் பற்றிக்கொண்டன. காரில் வந்த அம்மாள் தன் சால்வையை எறிந்து அணைத்தாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா அதைப் பார்த்தவள். அன்றிலிருந்து பானெட்டுக்குள் பார்க்க ஆரம்பித்தாள்.

அவளிடம் வண்டி விட்டவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். வந்த சூட்டில் வண்டியைத் தொடவே மாட்டாள். கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், சாராய வாடை அடிக்கிற இஞ்சினில் சூடு இருந்தால் பற்றிக்கொள்ளும் என்பாள். இஞ்சின் ஆறட்டும், நீயும் போய் ஆறு என்று அவர்களை மீன் கடைக்கு அனுப்பிவிடுவாள். அவர்கள் ட்ரவுட் மீனையும் உருளைக்கிழங்கையும் தின்று முடித்து வரும்போதுதான் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிக்கொண்டிருப்பாள். பிறகு டைனமோவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, காற்று உறிஞ்சுகிற குழாய்க்கு ஒரு பை, ஃப்யூஸ் பெட்டிக்கு ஒரு பை. ஒவ்வொன்றையும் சிவப்புக் கம்பளி நூலால் கட்டுவாள், அவிழ்க்க மறந்துபோனால் கண்ணில் படவேண்டும் என்று. பெட்ரோல் ஊற்றித் தேய்த்தால் பிசுக்கு ஒரு நிமிடத்தில் போய்விடுமே என்று கேட்கிறவர்களை முறைத்துப் பார்ப்பாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பும், வெதுவெதுப்பான தண்ணீரும், ஒரு பிரஷும், செடிக்கு ஊற்றுகிற பூவாளியும்தான் அவள் ஆயுதங்கள். குழாயை வைத்துப் பீய்ச்சவே மாட்டாள். பீய்ச்சினால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகும். துடைத்து, உலர்த்தி, பைகளை அவிழ்த்து, ஒயரை மாட்டி, பானெட்டைத் திறந்தே வைத்து வண்டியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருடனும் சண்டை வரும். மந்திரித்த பூ தானாக வாடி உதிரும்வரை இஞ்சினைக் கழுவக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கழுவினால் ஆசீர்வாதமும் தண்ணீரோடு போய்விடுமாம். அக்கா அதைக் கேலி செய்ததில்லை. கழுவுவதற்கு முன் இதழ்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, ஒரு பையில் போட்டு, வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவாள். ஆசீர்வாதம் உங்களோடது, பிசுக்கு மட்டும் என்னோடது என்பாள். பாதிப் பேர் அதில் சமாதானமாகிவிடுவார்கள்.

பெனிதா அவளுடைய தோழி. சிறு வயதில் இருவர் வீட்டு உருளைக்கிழங்கு வயலும் அடுத்தடுத்து இருந்தது. வரப்பில் உட்கார்ந்து என்னத்தைப் பேசுவார்களோ, என்னைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள். பெனிதாவின் மூத்த மகன் ரோமுலோவுக்கு முதல் முடி எடுத்தபோது முதல் கத்தரி போட்டவள் என் அக்கா. எங்கள் ஊரில் அது சும்மா சடங்கு இல்லை, முதல் கத்தரி போட்டவள் பாதித் தாய். அவனும் பெரியம்மா பெரியம்மா என்று காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கரைக்கு வந்து அவள் பூவாளியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, தேடவிட்டு வேடிக்கை பார்ப்பான். நல்ல பிள்ளை.

அவனுடைய அப்பா இலாரியோன் வாய்ச்சவடால் பேர்வழி. மாடுகளை விற்று, மகனுக்கு ஒரு பழைய ஜப்பான் வேன் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தித்திகாகா ஏரியைத் தாண்டி லா பாஸ் நகரம் வரைக்கும் ஆள் ஏற்றுகிற பாதையில் ஓட்ட, வேன் சங்கத்தில் இடமும் கிடைத்தது. வேனுக்கு ஞானத்தகப்பனாக வெளியாள் யாரையாவது அழைப்பதுதான் முறை. இலாரியோன் யாரையும் அழைக்கவில்லை. என் மாடு, என் வேன், நானே ஊத்துவேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஊற்று அண்ணே என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குக் கோயில் முன்னால் நல்ல கூட்டம். அவர்களுடைய வேன் என் கடையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. தூக்கிய பானெட்டும், அதற்கு மேலே இலாரியோனின் தொப்பியும்தான் எனக்குத் தெரிந்தது. பெனிதா பக்கத்தில் நின்று பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பீர் என் கடையில் வாங்கியதில்லை, மூன்றாவது கடையில் வாங்கியது. பிற்பாடு நான் முதலில் யோசித்துப் பார்த்தது அதைத்தான். மனுஷ புத்தி அப்படித்தான் போகிறது.

மத்தியானத்துக்கு மேல் ரோமுலோ வேனைத் தள்ளிக்கொண்டு அக்காவிடம் வந்தான். இஞ்சின் இருமுகிறது, நின்று நின்று போகிறது. அப்பா குடித்துவிட்டுத் தூங்குகிறார். மறுநாள் காலை சங்க வரிசையில் முதலில் ஓட்டும் முறை அவனுக்கு, விட்டால் அடுத்த வாரம்தான். பூ இன்னும் பச்சையாக இருக்கிறதே, இரண்டு நாள் பொறு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவன் கெஞ்சினான். பாதித் தாய் எத்தனை நேரம் மறுப்பாள்? பூவையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள். பிளக் ஒயர்களில் பீர் இறங்கியிருந்தது. துடைத்து உலர்த்தியதும் இருமல் நின்றது. கடைசியாகத் துணியால் ஒத்திக்கொண்டு வரும்போது பிரேக் ஆயில் டப்பாவின் மூடி தொளதொளவென்று இருப்பதைப் பார்த்தாள். திறந்தாள். உள்ளே மேலாக நுரை கட்டியிருந்தது. மோந்து பார்த்தாள், பீர்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். "அப்பா எல்லா மூடியையும் தொறந்து ஊத்தினாரு பெரியம்மா. எல்லாரும் குடிக்கட்டும்னாரு. கண்ணாடி தொடைக்கற தண்ணிக்குக்கூட ஊத்துனாரு."

பிரேக் தேய்ந்த பழைய வேன், டப்பாவில் ஆயில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஊற்றியது அத்தனையும் உள்ளே போய்விட்டது. தண்ணீர் கலந்த பிரேக் ஆயில் சமதரையில் நன்றாகத்தான் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் கொதித்து ஆவியாகும், அப்புறம் பெடல் தரை வரைக்கும் சும்மா போகும். அக்கா இதை அவனிடம் சொன்னாள். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் மலைப்பாதையில் எடுக்காதே என்றாள். அவன் உள்ளே ஏறி, கொஞ்சம் ஓட்டி, அவள் முன்னால் சட்டென்று நிறுத்திக் காட்டினான். பாருங்க, எப்படி நிக்குது என்றான். அவள் திட்டினாள். சரி பெரியம்மா, நாளைக்கே செஞ்சிடறேன் என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்தாள். "பாஸ்குவாலா, அந்தக் கூறுகெட்ட மனுஷன் பிரேக் ஆயில்ல பீர் ஊத்தியிருக்கான்" என்றாள். பையனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொன்னேன், செய்வான் என்றாள். நானும் செய்வான் என்றேன். வேறென்ன சொல்வது, வளர்ந்த பிள்ளை.

மெக்கானிக் காலையில் கடை திறக்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. முதல் முறை கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ, விடிந்ததும் காலி வேனோடு கிளம்பினான். தெப்பத்தில் வண்டிகளை ஏற்றி அக்கரைக்குக் கடத்துகிற திக்கீனா துறைக்குப் போய், அங்கே காத்திருக்கிற ஆட்களை ஏற்ற வேண்டியது. துறைக்கு இறங்குகிற மலையில் கடைசி வளைவுக்கு முந்திய வளைவில் வேன் திரும்பவில்லை. அவன் ஒருவன்தான் உள்ளே. நல்லவேளை ஆள் ஏறவில்லை என்று ஊரில் சொன்னார்கள். பெனிதாவின் காதுபடவும் சொன்னார்கள்.

பூ வாடுவதற்குள் நெமேசியா கழுவிவிட்டாள் என்ற பேச்சு சவம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேனுக்குள் அந்த இதழ்ப் பை கிடந்ததாம், அதைப் பார்த்ததும் யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை. கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அக்காவும் குனிந்து மண் எடுத்தாள். பெனிதா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கையாலதான கழுவுன" என்றாள். "இதால அவன் மேல மண்ணு போடாத."

அக்கா விரல்களைத் திறந்து மண்ணைக் கீழே விட்டாள். அதன்பிறகு அவளை யாரும் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை. இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் வேன் சங்கம் கூடியது. விசாரிக்கிறார்களாம். எங்களையும் வரச்சொன்னார்கள். முன்வரிசையில் இலாரியோன் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பெனிதா. பெனிதாவின் மடியில் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சங்கத் தலைவர், பூ உதிர்வதற்கு முன் கழுவினாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஆசீர்வாதத்தைக் கழுவினால் வண்டி தாங்காது என்று தெரியாதா என்றார். அப்போது இலாரியோன் எழுந்து நின்று, என் மகனை நீ கொன்னுட்ட என்று கத்தினார். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இன்று வரைக்கும் நான் யோசிக்கிறேன். குடித்தவனுக்குத் தான் ஊற்றியது மறந்துபோயிருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம்.

வேனில் ஏதாவது கோளாறு பார்த்தாயா என்று தலைவர் கடைசியாகக் கேட்டார்.

இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அக்கா இலாரியோனைப் பார்க்கவில்லை, பெனிதாவைத்தான் பார்த்தாள். பெனிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பாக்கல" என்றாள் அக்கா.

நான் எழுந்துவிட்டேன். என் சால்வையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் கையில் அவ்வளவு பலம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்று அவளைத் திட்டினேன். உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்றேன். அவள் என்னைச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"புள்ளையப் புதைச்சுட்டு வந்திருக்கா. இனி சாகுற வரைக்கும் அந்த ஆளுக்குத்தான் சூப்பு ஊத்தி வைக்கணும். சொன்னா எப்பிடி ஊத்துவா? மத்த மூணும் எங்க போகும்?"

"அதுக்கு ஒன் பேரு நாறணுமா?"

"எனக்கு யாரு இருக்கா, நாறுனா மூக்கப் பொத்திக்க? நீ ஒருத்திதான். நீ வாயப் பொத்திக்க, போதும்."

சங்கத்து வண்டிகள் எதுவும் அவளிடம் போகக்கூடாது என்று முடிவானது. மற்ற வண்டிக்காரர்களும் அதைக் கேட்டு ஒதுங்கினார்கள். கரையில் கண்ணாடி துடைக்கப் போனாலும், வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பூவாளியையும் பிரஷ்ஷையும் என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து வைத்தாள். மீன் கடையில் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை கிடைத்தது, அதுவும் உள்ளே, ஆட்கள் கண்ணில் படாத இடத்தில். குளிர்ந்த தண்ணீரில் கிடந்து விரல் நுனிகள் வெடித்தன. இஞ்சின் கழுவியபோது ஒருநாளும் அப்படி வெடித்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு பயம் போகவில்லை. வேறு யாராவது குடிபோதையில் மூடியைத் திறந்துவிடுவானோ என்று. காரணத்தைச் சொல்லவும் மாட்டாள். அதனால் திருவிழா நாட்களில் கோயில் வாசலுக்கு வந்து என் கடைப் பக்கத்தில் நின்றுகொண்டு, பீர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், மேலே ஊத்துங்க, மூடி எதையும் தொறக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தெரியாதவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்கள். தெரிந்தவர்கள், தரித்திரம் பிடித்தவள் வந்துவிட்டாள் என்று விரட்டினார்கள். ஒருவன் பீரையே அவள் மேல் ஊற்றினான். நான் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்ப வந்து அதே இடத்தில் நின்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் அந்த ஊற்றினவன் மேல்கூட வரவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற அவமானத்தை இப்படிச் சுமக்கிறாளே என்று எரிந்தது.

பெனிதாவும் அவளும் சந்தையில் எதிரெதிரே வருவார்கள். பெனிதா அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவாள். அக்கா நின்று, அவள் நுழைந்த சந்துப் பக்கமே பார்த்துவிட்டு நடப்பாள். வீட்டுக்கு வந்து, பெனிதா மெலிஞ்சிட்டா என்றோ, சின்னது நல்லா வளந்துடுச்சு என்றோ என்னிடம் சொல்வாள்.

பல வருஷம் கழித்து இலாரியோன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தார். மகனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். இனி என்ன, இப்போதாவது போய்ச் சொல் என்று அக்காவை நச்சரித்தேன். பிள்ளைகள் அப்பா பேரில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதை ஊதி அணைக்கச் சொல்கிறாயா என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளுக்கு அப்போதே இருமல் ஆரம்பித்திருந்தது. இந்த வருஷம் ஜூனில், எங்கள் உறைபனி மாதத்தில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி, பெனிதாவா என்று கேட்டாள். இல்லை அக்கா, காற்று என்றேன். அடக்கத்துக்கு மீன் கடைக்காரியும், நானும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரும்தான். சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நவம்பர் நாளில் அவளுக்கு முதல் மேசை போட்டேன். குழந்தை முகம் வைத்த ரொட்டிகள், கரும்பு, முளைவிட்ட வெங்காயம், அவளுக்குப் பிடித்த வறுத்த மீன், அவள் படம். யார் வந்து அந்த ஆத்மாவுக்காக ஜெபித்தாலும் அவர்கள் துணி நிறைய ரொட்டி கொடுத்து அனுப்பவேண்டும். எதிரி வந்தாலும் மறுக்கக்கூடாது, மறுத்தால் செத்தவர்கள் பசியோடு திரும்பிப் போவார்கள். நிறைய ரொட்டி சுட்டிருந்தேன். வந்தவர்கள் கொஞ்சம் பேர். ரொட்டி குவிந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் பெனிதா வந்தாள். கதவருகே நின்று உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டாள். வந்து மேசை முன்னால் மண்டியிட்டு, எங்கள் ஐமாரா பாஷையில், நெமேசியாவின் முழுப் பெயரையும் சொல்லி நெடுநேரம் ஜெபித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் எழுந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் உடைத்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொள் என்றவளே போய்விட்டாள், இனி எனக்கென்ன. உன் புருஷன் பிரேக் ஆயிலில் பீர் ஊற்றினான், என் அக்கா அதைப் பார்த்தாள், உன் பையனிடம் சொன்னாள், சங்கத்தில் உனக்காக மறைத்தாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள், மயங்கி விழுவாள், என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பாட்டில நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவரு அந்த மூடியத் தொறக்கும்போது பக்கத்துலதான் நின்னேன். இதுவும் குடிக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன்."

"அப்பறம் ஏன்டி அவள?"

பெனிதா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவர வெறுத்தா குடும்பம் போயிடும். என்னைய வெறுத்தா நான் ஏரியில விழுந்திருப்பேன். நெமேசியா தாங்குவான்னு நெனச்சேன். சின்ன வயசுலேருந்து நான் எது போட்டாலும் அவதான் தாங்குவா. சங்கத்துல சொல்லிடப்போறாளேன்னு பயந்து உக்காந்திருந்தேன். சொல்லல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எனக்காகத்தான் சொல்லலன்னு. அதுக்கப்பறம் எப்பிடி அவ மொகத்தப் பாக்கறது?"

அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கை ஓங்கினேன். அக்காவின் படம் அங்கேயே இருந்தது. ஓங்கிய கையைக் கொண்டுபோய் ரொட்டியை எடுத்து அவள் துணியில் போட்டேன். ஒவ்வொன்றாகப் போடும்போதும் அவளைத் திட்டிக்கொண்டே போட்டேன். பிள்ளையைத் தின்னாச்சு, புருஷனைத் தின்னாச்சு, என் அக்காவைத் தின்னாச்சு, இதையும் தின்னு என்றேன். அவள் துணியை விரித்துப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். துணி நிறைந்ததும், இதை வெளியில் சொல்வாயா என்று கேட்டேன்.

சொன்னாள். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியபோது அழைக்காமலே போய், வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நடுவில் நின்று சொன்னாளாம். கடைசிப் பையன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டானாம். தலைவர் இரண்டொரு வார்த்தை சொன்னாராம், பிறகு அடுத்த விஷயம் எடுத்தார்களாம்.

மறுநாள் சங்கத்து ஆள் ஒருவன் என் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல பூவாகப் போட்டு ஒரு மலர்வளையம் கட்டித் தர முடியுமா, சங்கத்தின் பேரைப் பெரிதாக எழுத வேண்டும் என்றான். ஆள் புதியவன், என்னைத் தெரியாது போலிருக்கிறது. யாருக்கு என்று கேட்டேன். நெமேசியா என்று ஓர் அம்மா, முன்னே இஞ்சின் கழுவிக்கொண்டிருந்தார்களாம் என்றான்.

உட்கார் என்று சொல்லிவிட்டுக் கட்ட ஆரம்பித்தேன். கண்ணீரில் நூல் தெரியவில்லை, முடிச்சு விழவே இல்லை. அவன் குனிந்து, என்னம்மா ஆச்சு, உங்களுக்கு அவங்களத் தெரியுமா என்று கேட்டான்.